இப்போதைக்குப் பெட்டிக்குள்ளே

அத்தியாயம் 11

"உடுப்புகளை எங்கை வைக்கிறது, அத்தான்?"

"இப்போதைக்குப் பெட்டிக்குள்ளயே கிடக்கட்டும், ஞானம். பிறகு பாப்பம்."

"ஓம்."

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கப்பலால் இறங்கி, மலாயாவில் பத்து பஹாட் வீட்டுக்கு வந்த முதல் நாள் மாலையில், ஞானேஸ்வரிக்கும் அவள் கணவர் ஏரம்பமூர்த்திக்கும் நடந்த பேச்சு அவ்வளவுதான். அப்போது அவள் அந்தத் தேக்கு அலுமாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அலுமாரிக் கண்ணாடியில் அவள் முகமும், பின்சுவரில் மாலை போட்டிருந்த அக்கா செல்லப்பாக்கியத்தின் படமும் ஒன்றாகத் தெரிந்தன. அலுமாரியின் சாவி அந்தப் படத்துக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கியது.

அந்த 'இப்போதைக்கு'க்கு இந்தச் சித்திரையோடு மூன்று வயது.

அக்காவின் கணவராக இருந்தபோதும் ஏரம்பமூர்த்தி அவளுக்கு அத்தான்தான். அக்கா காய்ச்சலில் போய்ச் சேர்ந்து, ஊரில் பெரியவர்கள் கூடிப் பேசி, தங்கையையே அவருக்குக் கட்டி வைத்த பிறகும் அத்தான்தான். கூப்பிடுகிற சொல் மாறவில்லை. வேறு ஏதாவது மாறியதா என்பது ஞானேஸ்வரிக்கு இன்னும் விளங்கவில்லை.

அக்கா விட்டுப்போன மகள் தவமணிதேவிக்கு இப்போது பத்து வயது. 'சின்னம்மா' என்று மரியாதையாகக் கூப்பிடுவாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். ஆனால் தானாக வந்து ஒருநாளும் மடியில் சாய்ந்ததில்லை.

சென்ற மார்கழியில் ஏரம்பமூர்த்தியைப் பெக்கான் நானாஸ் ஊரில் ரோட்டு வேலைகளைப் பார்க்கும் அரசாங்கக் கந்தோருக்குத் தலைமைக் கிளாக்கராக மாற்றினார்கள். வீட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டு அவர்கள் புறப்பட்ட நாளை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். "அலுமாரியைக் காலி பண்ணினா பாரம் குறையுங்க ஐயா" என்று லொறிக்காரர் எவ்வளவோ சொன்னார். "பூட்டினபடியே தூக்குங்கோ" என்றார் ஏரம்பமூர்த்தி. ஆறு பேர் மூச்சு வாங்கித் தூக்கினார்கள். வழி முழுவதும் மழை கொட்டியது.

*

ஞாயிற்றுக்கிழமை காலை.

"ஞானம்! இஞ்சை ஒருக்கா வாரும். இது என்ன?"

குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த ஞானேஸ்வரி கையை உதறிவிட்டு வந்தாள். கட்டில்மேல் மூன்று வெள்ளை டிரில் கோட்டுகள் விரித்துக் கிடந்தன. கழுத்துவரை பொத்தான் பூட்டுகிற, கந்தோருக்குப் போடுகிற கோட்டுகள். வெள்ளை என்று சொன்னால்தான் உண்டு. தோளிலும் முதுகிலும் பழுப்பு மஞ்சள் திட்டுத் திட்டாகப் படர்ந்திருந்தது.

"நாளைக்குத் துரை ஊருக்குப் போறார். பொந்தியானிலை எல்லாரும் நிண்டு படம் எடுக்கினம். நான் முன்வரிசையிலை இருக்க வேணும். இதைப் போட்டுக்கொண்டோ?"

"நேற்றும் தோய்ச்சனான், அத்தான். சோடாவும் கூடப் போட்டனான்."

"கூடப் போட்டும் இப்பிடியோ? உம்மட அக்கா தோய்ச்சால்…"

அவர் நிறுத்திவிட்டார். முழுதும் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

இந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் தேயிலைச் சாயம் மாதிரி இருக்கும். வாளியில் மொண்டு பார்த்தால் அடி தெரியாது. வந்த முதல் கிழமையே வெள்ளைத் துணிகள் மங்கத் தொடங்கின. ஊரில் அம்மா சொல்லிக் கொடுத்த ஒரே வழி அவளுக்குத் தெரியும்: அழுக்குப் போகவில்லையென்றால் சோடாவைக் கூட்டு. யாழ்ப்பாணத்துக் கிணற்றில் சவர்க்காரம் நுரைக்காது, அங்கே அது சரி. இங்கேயும் அவள் கூட்டினாள். துணி இன்னும் மஞ்சளானது. மறுபடி கூட்டினாள். நாலு மாதமாக ஒவ்வொரு கிழமையும் பதினெட்டு வாளி தண்ணீர். முழங்கால் கல்லில் பதிந்து காய்த்துப்போயிற்று. விரல் மடிப்புகள் வெடித்து, புளி கரைத்தால் கண்ணில் நீர் வந்தது.

"என்ன பேசாமல் நிக்கிறீர்?"

"ஒண்டுமில்லை. இண்டைக்கு வெய்யில் இருக்குது. திரும்பத் தோய்ச்சுப் பாக்கிறன்."

*

கிணற்றடியில் சோடாப் பொட்டலத்தை அவள் பிரிப்பதற்குள் வேலிக்கு அப்பால் ஒரு குரல் கேட்டது.

"அலமாக்! கிராணியம்மா, அதைக் கீழ வைங்க. மறுபடியும் சோடாக்காரமா?"

ராசம்மா. ரோட்டில் வேலை செய்யும் வீரமுத்துவின் மனைவி. கிழமைக்கு ஆறு நாள் அன்னாசித் தொழிற்சாலையில் பழம் சீவுகிறவள். கிளாக்கர் வீட்டம்மா அவளுக்குக் 'கிராணியம்மா'. வேலிக் கம்பியைத் தூக்கிக் குனிந்து நுழைந்து வந்து, கோட்டைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னம்மா இது, ஐயாவுக்குப் போலீஸ்காரன் காக்கி உடுப்புத் தச்சிட்டீங்களா?"

ஞானேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. கண்தான் நிறைந்தது.

"அட, அழுவாதீங்க லா. உங்க மேல தப்பில்ல. இது துருத் தண்ணி. சோடாவக் கண்டா அந்தத் துரு துணியைக் கடிச்சிப் புடிச்சிக்கும். வெள்ளைக்கு மழைத்தண்ணிதான். கூரைக்குக் கீழ ஒரு பீப்பா வைங்க. சோடா வேணாம், சவுக்காரம் போதும்."

"பிடிச்ச துருவுக்கு என்ன செய்யிறது?"

"அதுக்கு மருந்து இருக்கு."

அவள் போய் மலாய்க்காரர் வீட்டு மரத்திலிருந்து ஒரு மடி நிறையப் பிலிம்பிங் காய் பறித்து வந்தாள். விரல் நீளப் பச்சைக் காய், கடித்தால் பல் கூசிப்போகும். கல்லில் வைத்து நசுக்கி, சாறும் சக்கையுமாகத் திட்டுகளின்மேல் அப்பி, மேலே உப்பைத் தூவி, கோட்டுகளைப் புல்லில் வெயில் படப் பரப்பினாள்.

"ஒரு மணி நேரம். அப்புறம் மழைத்தண்ணியில நாலு தடவை அலசணும், எங்க வீட்டுப் பீப்பாவுல இருக்கு. புளிப்பு தங்கினா துணி இத்துப்போகும். எங்க, கையக் காட்டுங்க."

ஞானேஸ்வரி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"காட்டுங்கம்மா. அன்னாசிச் சாறு அரிச்ச கை என்னோடது. நீங்க வெக்கப்படறீங்க."

ராசம்மா கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"தேங்காயெண்ணெயில கொஞ்சம் தேன்மெழுகு போட்டு உருக்கி வைச்சிருக்கேன், ஒரு சிரட்டை கொண்டாரேன். வேலை முடிஞ்சதும் பூசணும். காலையில இல்ல, நாளைக்கு இல்ல, இன்னிக்கு. ஊரு துணியெல்லாம் தொவைக்கிறீங்க, இந்தக் கைக்கு யாரு இருக்கா?"

*

பத்து மணிக்கு வெயிலில் கோட்டுகள் கொஞ்சம் வெளுத்திருந்தன. ஏரம்பமூர்த்தி வந்து பார்த்தார். நம்பிக்கை வரவில்லை.

"உது நாளைக்கு முன்னம் சரிவராது. அலுமாரிக்குள்ளை ஒரு கோட்டுக் கிடக்குது. கலியாணத்துக்குத் தைச்சது. அது இந்தத் தண்ணியைக் காணேல்லை."

எந்தக் கலியாணம் என்று அவர் சொல்லவில்லை.

அந்த அலுமாரி வருஷத்தில் ஒருநாள்தான் திறக்கும். ஆவணியில், அக்காவின் திவசத்தன்று. ஒவ்வொரு வருஷமும் புதுச்சீலை ஒன்று வாங்கி அக்கா படத்துக்கு முன்னால் படைப்பார். படைத்த சீலையை வீட்டில் ஒரு பெண் உடுத்துவதுதான் ஊர் வழக்கம். ஏரம்பமூர்த்தி அதை மடித்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். அப்படி மூன்று சீலைகள் உள்ளே போயிருந்தன. ஞானேஸ்வரி ஒன்றும் கேட்டதில்லை. திறந்திருக்கும் அந்தக் கால் மணி நேரமும் அவளுக்குக் குசினியில் வேலை இருக்கும்.

இன்று அவர் படத்துக்குப் பின்னால் கைவிட்டுச் சாவியை எடுத்தபோது தவமணி ஓடி வந்து பக்கத்தில் நின்றாள்.

பூட்டு இலகுவில் திரும்பவில்லை. கதவு பிசுபிசுத்துத் திறந்தது.

முதலில் வந்தது வாடை. ஈரச் சாக்கு நாறுகிற மாதிரி. பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது. மார்கழி மழை லொறியில் வைத்தே பின்பலகை இடுக்கால் உள்ளே இறங்கியிருக்கிறது. நாலு மாதமாக யாரும் திறக்கவில்லை. மேல்தட்டில் கலியாணக் கோட்டின் தோளெல்லாம் கரும்புள்ளி. நடுத்தட்டில் மெல்லிய 'வாயில்' துணிச் சீலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. கீழ்த்தட்டில் துணியில் சுற்றி வைத்த கூறைச்சீலையின் மடிப்பில் சாம்பல் பூத்திருந்தது.

ஏரம்பமூர்த்தி கையை நீட்டி ஒரு சீலையைத் தொட்டார். அது அவர் விரலோடு கிழிந்து வந்தது.

"அப்பா, அம்மாவின்ர மணம் போயிட்டுது" என்றாள் தவமணி. பிறகு ஓவென்று அழத் தொடங்கினாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கந்தோரில் இருபது பேரை ஏவுகிற மனிதர், கிழிந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி இருந்தார்.

ஞானேஸ்வரி அன்று காலை ஐந்து மணிக்கு எழுந்தவள். இடுப்பு கழன்றுபோகிற மாதிரி இருந்தது. அவள் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பாயைக் கொண்டுவந்து முற்றத்து மாமர நிழலில் விரித்தாள். திரும்பி வந்து மேல்தட்டிலிருந்து தொடங்கினாள்.

"கவனம்" என்றார் அவர்.

"ஓம்" என்றாள் அவள்.

*

அலுமாரி காலியான பிறகுதான் அதைக் கண்டாள். கதவின் உட்பக்கத்தில் பசையால் ஒட்டிய ஒரு காகிதம். அக்காவின் கையெழுத்து, சாய்வில்லாத, பள்ளிக்கூடத்து எழுத்து.

'மேல்தட்டு: அவருடைய கோட்டு, சால்வை. நடுத்தட்டு: கட்டுகிற சீலைகள். கீழ்த்தட்டு: கூறை, பிள்ளையின் உடுப்பு. மாதம் ஒருநாள் வெயிலில் எல்லாத்தையும் எடுத்து, கதவைத் திறந்து காற்று விட வேணும். வேப்பிலை காய்ந்தால் மாற்று. ஈரத்தோடு எதையும் மடிக்காதே.'

தனக்குத்தானே எழுதி வைத்தது. இந்த ஈர நாட்டுக்குப் புதிதாக வந்தபோது அக்காவும் பிழை விட்டுத்தான் படித்திருக்கிறாள் என்று ஞானேஸ்வரிக்கு முதல்முறையாகத் தோன்றியது.

"அத்தான், இதை வாசிச்சனீங்களோ?"

அவர் எழுந்து வந்து மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து வாசித்தார். மூன்று திவசத்துக்கு இந்தக் கதவைத் திறந்திருக்கிறார். வாசித்ததில்லை என்பதை அவர் முகமே சொன்னது.

மத்தியானம் வரை வேலை ஓடியது. கூறையையும் பட்டையும் நிழலில் விரித்து, உலர்ந்த மெல்லிய துணியால் சாம்பல் பூத்ததைத் துடைத்து எடுத்தாள். பருத்திச் சீலைகளை வெயிலில் காயவிட்டு, பூஞ்சணத்தைத் தட்டி, தேசிக்காய்ப் புளியும் உப்பும் தேய்த்து, மழைத்தண்ணீரில் அலசினாள். ராசம்மா சிரட்டையோடு திரும்பி வந்து, தொய்யும் துணியைத் தூக்கிப் பிடித்தாள், பிழிந்தாள், வாய் ஓயாமல் பேசினாள்.

மூன்று புதுச்சீலைகள் விலைச்சீட்டோடு கிடப்பதைக் கண்டதும் அவள் குரல் தணிந்தது.

"படைச்ச சேலைங்களா? யாராச்சும் கட்டணும்மா. பூட்டியா வைப்பாங்க? போனவங்களுக்கே மனசு கஷ்டமா இருக்கும்."

"மெதுவாக் கதையுங்கோ, ராசம்மா."

"மெதுவாத்தான் பேசறேன். காது இருக்கறவங்களுக்குக் கேக்கட்டும்."

வாசற்படியில் உட்கார்ந்திருந்த ஏரம்பமூர்த்தி பத்திரிகையின் பக்கத்தைத் திருப்பினார். வெகுநேரமாக அதே பக்கம்தான்.

*

"தவமணி, தட்டிலை விரிக்கப் பழைய துணி ஒண்டு வேணும். என்ர பெட்டிக்குள்ளை வெள்ளைத் துண்டு கிடக்கும், எடுத்து வாம்மா."

சிறுமி போனாள். வரக் காணோம். ஞானேஸ்வரி உள்ளே போய்ப் பார்த்தாள்.

கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்த தகரப் பெட்டிக்கு முன்னால் தவமணி குந்தியிருந்தாள். மூடியின் கீல் துருப்பிடித்து, மேலாக இருந்த சீலையில் கோடு விழுந்திருந்தது. சீலைகள், சீப்பு, ஊரிலிருந்து தன் அம்மா எழுதிய கடிதக் கட்டு, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய புத்தகம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி அடுக்கியிருந்தன. கப்பலுக்குக் கட்டினது மாதிரியே.

"சின்னம்மா."

"என்ன பிள்ளை?"

"எப்ப போறியள்?"

"எங்கை?"

"ஊருக்கு. பெட்டி எப்பவும் கட்டியிருக்குது. நீங்கள் போயிடுவியள் எண்டு எனக்குத் தெரியும். அதுதான் நான்…"

துண்டை எடுத்து மடியில் வைத்து விரலால் முறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஞானேஸ்வரி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். மூன்று வருஷம். பிள்ளை கட்டிலுக்கு அடியில் இந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே வளர்ந்திருக்கிறாள். ஒருத்தியைப் பறிகொடுத்தவள். போகப் போகிற இன்னொருத்தியிடம் எப்படி மடியில் சாய்வாள்?

"நான் போகேல்லை, தவமணி."

"அப்ப ஏன் பெட்டிக்குள்ளை வைச்சிருக்கிறியள்?"

அதற்குப் பதில் ஞானேஸ்வரியிடம் இருந்தது. ஆனால் அது இந்தப் பிள்ளைக்குச் சொல்லுகிற பதில் இல்லை.

தவமணி அவள் கைகளையே பார்த்தாள். பிறகு எழுந்து போய், ராசம்மா வைத்துவிட்டுப் போன சிரட்டையை எடுத்து வந்தாள். மெழுகெண்ணெயை இரண்டு விரலில் அள்ளி, சின்னம்மாவின் வெடித்த விரல்களில் பூசத் தொடங்கினாள். அரைவாசி சீலையில் வழிந்தது.

"நோகுதோ?"

"இல்லை" என்றாள் ஞானேஸ்வரி. நொந்தது. ஆனால் கையை இழுக்கவில்லை.

*

மாலை ஐந்து மணி. வெயில் அன்னாசிக் காட்டுக்கு மேலே சாய்ந்திருந்தது.

மூன்று கந்தோர்க் கோட்டுகளில் இரண்டு நன்றாக வெளுத்துவிட்டன. ஒன்றைக் கஞ்சி போட்டு, கரிப்பெட்டியால் தேய்த்து, கதவில் மாட்டியிருந்தாள். வலது கைமடிப்புக்குக் கீழே பயறளவு மஞ்சள் ஒன்று மட்டும் போக மாட்டேன் என்றது. கையை மடியில் வைத்திருந்தால் படத்தில் தெரியாது.

ஏரம்பமூர்த்தி அலுமாரிக்கு முன்னால் நின்றார். உட்பக்கத்தைத் துடைத்து, புது வேப்பிலை போட்டிருந்தது. காய்ந்தவற்றை ஒவ்வொன்றாக அவளிடமிருந்து வாங்கித் தானே அடுக்கினார். மேல்தட்டில் கலியாணக் கோட்டும் சால்வையும். கீழ்த்தட்டில் கூறையும் பட்டும் மூன்று புதுச்சீலைகளும். வாயில் சீலைகளில் பிழைத்தவை இரண்டுதான். அவையும் கீழேயே அடங்கிவிட்டன. நடுத்தட்டில் ஒன்றும் இல்லை.

அவர் சற்று நேரம் அந்த வெறும் தட்டைப் பார்த்தார்.

"நீர் சரியாக் களைச்சுப் போனீர்" என்றார். அது நன்றியா, மன்னிப்பா என்று தெரியாத குரல். "மாதம் ஒருக்காத் திறந்து விடுவம். அவள் எழுதி வைச்சபடி."

"ஓம்."

கதவைச் சாத்தினார். கண்ணாடியில் ஞானேஸ்வரி தன்னைக் கண்டாள். எண்ணெய் காணாத தலை, வெயிலில் கறுத்த முகம், நனைந்து உலர்ந்த சீலை. பின்சுவரில் அக்கா. வாசற்படியில் துண்டை இன்னும் கையில் வைத்தபடி தவமணி.

சாவி பூட்டுக்குள் போனது.

"அத்தான்."

அவர் திரும்பிப் பார்த்தார். "என்ன?"

மூன்று வருஷமாக இந்த 'என்ன'வுக்கு அவளிடம் 'ஒண்டுமில்லை' என்ற ஒரே பதில்தான் இருந்தது. அது பழக்கத்தில் நாக்கின் நுனிவரை வந்தும் விட்டது. அவள் வாசற்படியில் நிற்கிற பிள்ளையைப் பார்த்தாள். அந்தச் சொல்லை விழுங்கினாள்.

"பூட்டாதையுங்கோ."

அவர் கை நின்றது.

"நடுத்தட்டை எனக்குத் தாங்கோ, அத்தான். என்ர உடுப்பை அக்காவின்ர சீலைக்கு மேலை, அந்தத் தட்டிலை வைக்க வேணும். நான் இஞ்சை தங்கிப் போக வரேல்லை. இருக்க வந்தனான்."